அரைப்புள்ளியில் பிரியும் நான்கு மொழிகள்

தில்லியின் ஆட்சிமொழிகள் இந்தி, ஆங்கிலம். கூடுதல் ஆட்சிமொழிகள் பஞ்சாபி, உருது. விக்கித்தரவு போன்ற பொருளுணர் வலைத் தரவில் ஒவ்வொன்றையும் தனிக் கூற்றாக எழுதலாம். ஆனால் விரிதாளிலிருந்து அப்படியே ஏற்றப்பட்ட தரவில் நான்கும் அரைப்புள்ளியிட்ட ஒரே சரமாகக் கிடக்கும். மொழி ‘உருது’ என்று நேராகத் தேடினால் தில்லி அகப்படாது. 2013-இல் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த ஸ்பார்க்கிள் 1.1 வினவல் மொழியில் மதிப்புகளை ஒட்ட ‘குரூப் கான்கேட்’ உண்டு. வெட்டிப் பல வரிகளாக்கும் செயற்கூறு இல்லை. அப்பாச்சி ஜெனா என்ற மென்பொருள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அத்தகைய வசதி இல்லாத இடங்களில், ஒரு குறிக்கு முன்னுள்ளதைத் தரும் ‘ஸ்டிர்பிஃபோர்’, பின்னுள்ளதைத் தரும் ‘ஸ்டிர்ஆஃப்டர்’ இரண்டையும் வைத்துத் துண்டு துண்டாக எடுக்கலாம். கடைசித் துண்டுக்குப் பின் அரைப்புள்ளி இல்லாததால் ‘ஸ்டிர்பிஃபோர்’ வெற்றுச் சரத்தைத் தரும். உருது காணாமல் போகும். வெட்டுமுன் சரத்தின் முடிவில் ஓர் அரைப்புள்ளியை ஒட்டிவிட்டால் அதுவும் கைக்கு வரும். எவ்வளவு அழகான சிறு உபாயம்!

உருது என்ற சொல் சரத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்பார்கள். ஒரு மொழியைத் தேட அது போதும்; மொழிவாரியாக எண்ண உதவாது. ஏற்றும்போதே பிரித்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் பிறர் தரவில் பெரும்பாலும் நமக்கு வாசிக்க மட்டுமே உரிமை. காற்புள்ளியில் வெட்டுவதில் வேறு ஆபத்து: ‘கரோல் பாக், புது தில்லி’ என்ற ஒரே முகவரி இரண்டாகிவிடும். ஆகவே தரவை வெளியிடுவோரே, ஒவ்வொரு மதிப்பையும் தனிக் கூற்றாக எழுதுங்கள்.