ஒரே ராக்கெட்டில் இரண்டு சோதனை

புது நூலும் புதுச் சாயமும் ஒருசேரக் கைக்கு வந்தால், திருப்பூர் காதர்பேட்டையில் விவரமான பனியன் வியாபாரி இரண்டையும் ஒரே லோடில் போட்டு அனுப்பமாட்டார். சாம்பிள் தைத்து, அலசி, சுருக்கம் பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் தேற்றுவார். சரக்கு கெட்டால் எதனால் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

2010 ஏப்ரல் 15 அன்று இந்த ஒழுங்கு நம் விண்வெளித் துறையில் தவறியது. ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட்டில் உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அதுவே முதல் பறப்பு. அதன் தலையில் இருந்த ஜிசாட்-4 செயற்கைக்கோளில், சோதித்துப் பார்ப்பதற்கான மின் உந்துவிசைக் கருவிகள் (த்ரஸ்டர்கள்) இருந்தன. எஞ்சின் தோற்றது, செயற்கைக்கோளும் கடலில் விழுந்தது. த்ரஸ்டர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. அடுத்த வாய்ப்பு 2017 மே 5 அன்று ஜிசாட்-9 வழியாக வந்தபோது ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. அதிலும் பொருத்தப்பட்டவை ரஷ்யத் த்ரஸ்டர்களே.

மண்ணில் சோதித்தால் போதாதா? மின் உந்துவிசையைப் பொறுத்தவரை போதாது. செனான் வாயுவை அயனியாக்கி, மின்புலத்தால் அதிவேகத்தில் வெளித்தள்ளும் கருவி இது. வெற்றிடக் கூடத்தில் எவ்வளவு உறிஞ்சினாலும் கொஞ்சம் வாயு மிஞ்சும்; அது மறுபடி கருவிக்குள் நுழைந்து கணக்கைக் குழப்பும். கூடத்தின் உலோகச் சுவர் எலக்ட்ரான்களுக்கு விண்ணில் இல்லாத ஒரு பாதையைத் திறந்துவிடும். எனவே, 2025 மார்ச்சில் இஸ்ரோ அறிவித்த 1000 மணி நேரச் சோதனை பாராட்டுக்குரியது என்றாலும் அது முற்றுப்புள்ளி அல்ல. அந்தச் சோதனையில் 300 மில்லிநியூட்டன் த்ரஸ்டர் 5.4 கிலோவாட்டில் இயங்கியது. அதன் உந்துவிசை ஏறத்தாழ 30 கிராம் எடைக்குச் சமம். இவ்வளவு மெல்லிய விசையால் கனத்த செயற்கைக்கோளைப் புவிநிலைப் பாதைக்கு ஏற்ற மாதக்கணக்கில் ஓட வேண்டும். பல டன் ரசாயன எரிபொருளைச் சுமக்கத் தேவையில்லை என்பதே அந்தக் காத்திருப்புக்குக் கிடைக்கும் பலன்.

இஸ்ரோவின் 'போயம்' ஏற்பாடு இங்கே பெரிய உதவி. வேலை முடிந்த பிஎஸ்எல்வி நான்காம் கட்டத்தையே சோதனை மேடையாக்கும் திட்டம் அது. 2022 ஜூன் 30 அன்று தொடங்கியது. நம் பக்கத்துக் கோவையில் பொறியியல் படித்த இளைஞர்கள் தொடங்கிய பெல்லாட்ரிக்ஸ் நிறுவனத்தின் 'ஆர்கா-200' மின் த்ரஸ்டர் அந்த மேடையில்தான் விண்ணுக்குப் போனது. சொந்த ராக்கெட்டோ சொந்தச் செயற்கைக்கோளோ இல்லாத சிறு நிறுவனத்துக்கு இப்படியொரு கதவு திறந்ததை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் அந்த மேடைக்கு எல்லைகள் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று ஏறிய போயம்-3, மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. குப்பை சேராமல் இருக்க அது நல்லதுதான்; ஆனால் ஆயுளைச் சோதிக்க மூன்று மாதம் போதாது. பெரிய த்ரஸ்டர் கேட்கும் மின்சாரத்துக்கும் அங்கே வழியில்லை. ராக்கெட் நின்றால் மேடையும் நின்றுவிடும்: 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 தோற்றதை மறக்க முடியாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நாசா 1998இல் அனுப்பிய 'டீப் ஸ்பேஸ் 1' புதுத் தொழில்நுட்பங்களைச் சோதிப்பதற்கென்றே பிறந்த கலம். அதன் அயனி எஞ்சின் முதல் முறை இயங்கிய நாலரை நிமிடத்தில் நின்றது. அதை மறைக்காமல் சொன்னார்கள். எஞ்சின் பிறகு 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதன் மாற்று எஞ்சினை மண்ணில் 30,352 மணி நேரம் ஓட்டித் தேய்மானத்தையும் எழுதிவைத்தார்கள். நம் அறிக்கைகளில் 'வெற்றி' என்ற சொல் முன்னால் நிற்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே தடுமாறியது என்ற எண்களைத் தேட வேண்டியிருக்கிறது. பொறியியல் மாணவனுக்கு வேண்டியது அந்த எண்கள்தான்.

மின் உந்துவிசைக்கென்று தனிச் சோதனைச் செயற்கைக்கோளை இஸ்ரோ திட்டமிட்டது சரியான முடிவு. அத்தகைய கலங்கள் எப்போதோ ஒன்று என்று இல்லாமல், தேறிய ராக்கெட்டில் ஒழுங்கான இடைவெளியில் போக வேண்டும். தோற்றாலும் ஜெயித்தாலும் முழுக் கணக்கையும் இஸ்ரோ பொதுவில் வைக்க வேண்டும்.