நான்காவது மருமகன்

ஃபிலிப் து ஷோவ்ரோன் இயக்கி 2014இல் வெளியான இந்தப் பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தின் பெயரைத் தமிழில் 'ஆண்டவனே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'சீரியல் பேட் வெட்டிங்ஸ்'. பிரான்சில் மட்டும் ஒரு கோடி இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பன்மைத்துவத்தைக் கொண்டாடும் படம் என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் எனக்குத் தந்தார்.

ஷினோன் என்ற சிறு நகரில் வசதியாக வாழும் நொத்தாரிசு க்ளோட். டி கோலின் பக்தர், கத்தோலிக்கர். நான்கு பெண்பிள்ளைகள். மூத்த மூவரும் கட்டியது ஒரு முஸ்லிமை, ஒரு யூதரை, ஒரு சீன வம்சாவளிக்காரரை. மூன்றும் நகரசபையில் நடந்த சிவில் திருமணங்கள். கடைசி மகள் லோராவது தேவாலயத்தில் கலியாணம் முடிக்கமாட்டாளா என்று தாய் மரீ ஏங்குகிறாள். மாப்பிள்ளை கத்தோலிக்கர்தான் என்கிறாள் லோர். வீடே பூரிக்கிறது. வந்து நிற்கும் ஷார்ல், ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த கறுப்பர்.

சும்மா சொல்லக் கூடாது, படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்று மருமகன்மார் விடயத்தில் 'மதம்தான் பிரச்சினை' என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் இப்போது அந்தச் சாட்டும் இல்லை. தோல் மட்டும்தான் மிச்சம். க்ளோடாக வரும் கிறிஸ்டியன் க்ளாவியே பேசாமலே இதைக் காட்டிவிடுகிறார்.

அதற்குப் பிறகு படம் வேறு பாதையில் போகிறது. மருமகன்மார் மூவரும் ஒருவரையொருவர் குத்திப் பேசுகிறார்கள். ஷார்லின் தகப்பன், ஓய்வுபெற்ற இராணுவத்தினர் ஆந்த்ரே, வெள்ளைக்காரியை மருமகளாக எடுக்க மறுக்கிறார். ஆக, எல்லார் மனசிலும் கொஞ்சம் இனவாதம் இருக்கத்தான் செய்கிறது, சிரித்துவிட்டுப் போவோம் என்கிறது படம். எனக்கு இது ஒப்பவில்லை. ஆந்த்ரேயின் கோபத்துக்குப் பின்னால் காலனித்துவம் இருக்கிறது, அவரே அதைச் சொல்லவும் செய்கிறார். க்ளோடின் கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இரண்டையும் ஒரே தராசில் போட்டு, மீன்பிடியிலும் மதுவிலும் டி கோல் புகழிலும் இருவரையும் கூட்டாளிகளாக்கிவிட்டால் வரலாறு தீர்ந்துபோகுமா?

மேசைக் காட்சியையும் கவனிக்க வேண்டும். நத்தாருக்கு மரீ மூன்று வான்கோழி சமைக்கிறாள்: ஒன்று ஹலால், ஒன்று யூதருக்கான கோஷர், ஒன்று சீனப் பக்குவம். அழகான மனசுதான். ஆனால் முதல் இரண்டும் மார்க்க விதி, மூன்றாவது ருசி. படத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மார்க்கத்தையும் ஒரு சமையல் குறிப்பாகவே அது பார்க்கிறது. மாமனாரின் மனம் இளகுவது மருமகன்மார் மார்செயேஸ் என்ற தேசிய கீதத்தைப் பாடும்போதுதான். ரஷீத் ஒரு சட்டத்தரணி, பிரெஞ்சு நீதிமன்றத்தில் வாதாடுகிறவர். அவரும் பாடித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. க்ளோடிடம் யாரும் எதையும் பாடச் சொல்லவில்லை. இலங்கை முஸ்லிம் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. வெளியிலிருந்து இந்தக் குடும்பத்துக்குள் வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரு மகன் வீட்டுக்கு முஸ்லிம் மருமகளைக் கூட்டிவந்திருந்தால்? 2004இல் பாடசாலைகளில் முக்காட்டைத் தடைசெய்த நாட்டில் அதுவல்லவா மேசையை உண்மையில் ஆட்டியிருக்கும்! 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரஷீத் புர்கா வழக்குகளைப் பேசியே சலித்து, அல்ஜீரியாவுக்குப் போய்விட நினைக்கிறார். முஸ்லிம் பெண் அங்கே ஒரு வழக்குக் கோப்பாகத்தான் வருகிறாள். ரஷீதின் உம்மாவும் வாப்பாவும் சம்பந்திகளாக ஷினோனுக்கு வந்து சேர்வது 2022இல், மூன்றாம் பாகத்தில்.