மடங்குகிறது, சரி, மடக்குவது யார்?

பேட்டரி வீல்சேர் விளம்பரங்களில் இன்று முதலில் வருவது மடங்கும் காட்சிதான். நெம்புகோலை இழுத்தால் சில நொடிகளில் நாற்காலி பெட்டிபோல் சுருங்கி நிற்கிறது. அலுமினியச் சட்டம், 24 வோல்ட் லித்தியம் பேட்டரி, 25 கிலோவை ஒட்டிய எடை, ஜாய்ஸ்டிக் என்ற மற்ற விவரங்கள் மாடலுக்கு மாடல் பெரிதாக மாறுவதில்லை. ஓட்டத்திலும் குறை சொல்ல அதிகம் இல்லை; சமதளத்தில் சத்தமில்லாமல் போகிறது, கையை எடுத்ததும் மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்கிறது. இந்த வகை நாற்காலி, சென்னையின் இரண்டு அறை வீடு ஒன்றில் வாரக்கணக்கில் புழங்கிய பிறகு தெளிவாகத் தெரிவது வேறொன்று. இடமில்லாத வீட்டுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் மடக்கு வசதி, அந்த வீட்டின் இடப் பிரச்சினையைத் தொடவே இல்லை.

கணக்கைப் பார்த்தாலே இது புரியும். விரித்த நிலையில் இந்த நாற்காலி ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளம், தரையில் 0.6 சதுர மீட்டர். மடக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதாவது மிச்சமாவது 0.4 சதுர மீட்டர். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து திரும்புவதற்கு அணுகல் விதிமுறைகள் பொதுவாகக் கேட்பது 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம்; பரப்பில் சுமார் 1.77 சதுர மீட்டர். நாற்காலி எவ்வளவு சிறிதாக மடிந்தாலும் இந்த வட்டம் ஒரு விரற்கடைகூடக் குறையாது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டரிலிருந்து தொடங்குகிறது. கட்டில், பீரோ, சமையல் மேடை எல்லாம் போக அந்த வட்டத்துக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் உண்மையான சவால். கூடவே குளியலறைக் கதவு இருக்கிறது. இரண்டரை அடிக் கதவில் சட்டம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். 62 சென்டிமீட்டர் அகல நாற்காலி அதில் நுழையும். கைத்தாங்கியின் வெளிப்புறத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் நுழையாது. வாங்கும் முன் கேட்க வேண்டியது விரித்த அகலத்தையும் திரும்பும் வட்டத்தையும்தான். பல விற்பனையாளர்களுக்கு இரண்டாவது எண் தெரியவே தெரியாது என்பது எரிச்சலூட்டுகிறது.

சரி, இரவிலாவது மடக்கி ஓரமாக வைக்கலாமே என்பார்கள். யார் வைப்பது? நாற்காலியில் இருப்பவர் கட்டிலுக்கு மாறிய பிறகுதான் அதை மடக்க முடியும். மடக்குவதற்கு எழுந்து நிற்க முடிகிறவர் வேண்டும். ஆக, இந்த வசதி உட்காருபவருக்காகச் செய்யப்பட்டதல்ல, உடனிருப்பவருக்காகச் செய்யப்பட்டது. முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் காக்கும் தனி மெத்தை கட்டாயம். மடக்குவதற்கு முன் அதை எடுக்க வேண்டும், அதற்கும் ஓர் இடம் வேண்டும். மடக்கிய நாற்காலியைத் தள்ளிப்போக மோட்டாரின் பிடியை விடுவிக்கும் நெம்புகோல் பின்சக்கரத்தின் அருகே தாழ இருக்கிறது. மறுபடி பூட்ட மறந்தால் பிரேக்கே இல்லை. இத்தனையும் செய்து நாற்காலியைச் சுவரோரம் நிறுத்துவது, கண் சரியாகத் தெரியாதவரின் மூக்குக்கண்ணாடியைப் பரணில் ஏற்றி வைத்ததற்குச் சமம். நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகவேண்டியவர் இன்னொருவரை எழுப்பித்தான் ஆகவேண்டும். மின்சார நாற்காலி வாங்கியதே அந்த நிலைமை வேண்டாம் என்றுதான். எனவே அது கட்டிலை ஒட்டி, விரித்தபடி, கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அங்கேயே சார்ஜும் ஏற வேண்டும். இங்கேதான் ஒரு சிறு விஷயம் பெரிதாகிறது: சார்ஜர் செருகும் துளை எங்கே இருக்கிறது? ஜாய்ஸ்டிக் பெட்டியின் அடியில் இருந்தால் கட்டிலில் படுத்தபடியே செருகலாம். இருக்கைக்குக் கீழே பேட்டரியில் மட்டும் இருந்தால் தினமும் இன்னொருவர் குனிய வேண்டும். விலைப்பட்டியலில் இந்த விவரத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

மடக்கு வசதியே வீண் என்று சொல்ல வரவில்லை. அது பிறந்தது பயணத்துக்காக; பேட்டரியின் அளவே அதைக் காட்டிக்கொடுக்கிறது. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுமதிக்க சர்வதேச விதி வைத்திருக்கும் வரம்பு 300 வாட்-மணி. 24 வோல்ட்டை 12 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 288. ஆண்டுக்கு இரண்டு முறை விமானம் ஏறுபவருக்கு அது பொருந்தும். வாடகைக் காரில்கூட நிச்சயமில்லை; டிக்கியில் சிஎன்ஜி உருளை இருந்தால் மடக்கிய நாற்காலிக்கு இடமில்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு பேட்டரியை மட்டும் மேலே கொண்டுவரலாம் என்ற யோசனையும் சொல்லப்படுகிறது. பேட்டரிக்கு அது நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் நாற்காலி இல்லாமல் போகிறது. வாசலை ஒட்டிய நடையில் நிறுத்துவது இன்னும் மோசம். தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேற வேண்டிய வழியே அதுதான், அங்கேதான் பேட்டரியும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

கையில் வலு உள்ளவர்களுக்குச் சென்னையிலேயே நல்ல விடை இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் உருவான நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட், நாற்காலியை மடக்குவதை விட்டுவிட்டு மோட்டாரைத் தனியே பிரித்தது. உடலளவுக்குச் செய்த கைச்சக்கர நாற்காலி வீட்டுக்குள். தெருவுக்குப் போகும்போது முன்னால் பூட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டி, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. திரும்பி வந்ததும் மோட்டார் பகுதியை ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் விட்டுவிடலாம். பிரிக்க வேண்டியது எது என்று சரியாக யோசித்த வடிவமைப்பு இது. தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் கழுத்துத் தண்டுவடப் பாதிப்பால் கை வலு குறைந்தவர்களுக்கும் இது உதவாது. அவர்களுக்கு ஜாய்ஸ்டிக் வண்டிதான். அவர்கள் மடங்கும் அளவைப் பார்க்காமல், குளியலறைக் கதவில் நாடா பிடித்து அளந்து, அதைவிட 8 சென்டிமீட்டராவது குறுகலான, ஜாய்ஸ்டிக்கிலேயே சார்ஜ் ஏறும் மாடலை வாங்கலாம். கூடவே கட்டிலருகே ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளலாம்.