கயிறும் ஏடும்

டிம் ஸெவரினின் ‘சிந்துபாத் பிரயாணம்’ (1982) என்ற ஆங்கிலப் புஸ்தகத்தில் கடல் அத்தியாயங்களை இன்னொருவரும் எழுதிவிடலாம். கப்பல் கட்டும் அத்தியாயங்களே எனக்கு உசத்தி. ஆணியில்லாமல், தென்னங்கயிற்றால் பலகை தைத்து ஓமானில் கட்டிய கப்பல், 1980-ல் மஸ்கட்டை விட்டு மறுவருஷம் சீனா சேர்ந்தது. தைத்தவர்கள் லட்சத்தீவின் அகத்திக்காரர்கள். பழங்கப்பல் ஓடுமா என்ற கேள்விக்கு ஏட்டில் கிடைக்காத பதில் அவர்கள் விரலில் இருந்தது.

டென்மார்க்கின் லெய்ரேயில் 1964-ல் தொடங்கிய நிலையத்தில், பழங்காலத்தைச் செய்துபார்த்து ஆராய்வோருக்கு உபகாரச் சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள். நம் தட்சிணசித்ராவிலும் கொடுக்கலாம். ஆனால் பட்டதாரிக்கு மட்டும் கொடுத்தால் போதாது. இனயம் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் செய்யத் தெரிந்த கிழவருக்கும் கொடுக்கவேண்டும். கண்ணாடியிழைப் படகு வந்தபின் அவரிடம் முடிச்சுக் கற்க யார் வருகிறார்கள்? அவர் போய்விட்டால், பட்டதாரி யாரைக் கேட்டு எழுதுவார்?