நாலாவது மாத்திரைக்கு முன்னால்

கோவை ரேஸ் கோர்ஸில் காலையில் நடப்பவர்களின் பேச்சில் பாதி பி.பி., மீதி சுகர். ‘‘உங்களுக்கு எத்தனை மாத்திரைங்க?’’ ‘‘மூணுங்க. அப்பவும் நூத்தி அறுவதுலயே நிக்குதுங்க.’’ உப்பு, டென்ஷன், பரம்பரை என்று பழியைப் பங்கு போட்டுவிட்டு காபிக்குப் போய்விடுகிறார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

1954-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற டாக்டர் சந்தேகப்பட்டார். 34 வயதுப் பெண்மணி. பி.பி. அதிகம், தசைகளில் பலமில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. அட்ரினலில் இருந்த கட்டியை எடுத்ததும் பி.பி. இறங்கிவிட்டது. அந்தக் கட்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கணக்கில்லாமல் சுரந்து, உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

‘அபூர்வம்’ என்று இதைப் பல காலம் ஓரம் கட்டினார்கள். இன்றைய கணக்கில் பி.பி. உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இதுதான் காரணம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் நார்மலாகவே இருப்பதால் சுலபமாகத் தப்பிவிடுகிறது. அதே அளவு சாதாரண பி.பி.யைவிட இது இதயத்தையும் மூளையையும் அதிகம் பதம் பார்க்கும்.

2025-ல் அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டி தன் வழிகாட்டியைத் திருத்தியது. பி.பி. உள்ள அனைவருக்கும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து விகிதம் பார்க்கலாம் என்கிறது. நல்ல யோசனைதான். ஆனால், எந்த ஊருக்கு? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பி.பி. மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. சபாஷ்! ரெனின் பரிசோதனை அப்படிப் பையில் வராது. கட்டி எந்தப் பக்கம் என்று உறுதிசெய்ய அட்ரினல் ரத்தக்குழாய்க்குள்ளேயே ட்யூப் விட்டு ரத்தம் எடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த இடங்கள் சொற்பம்.

அதற்காக ஒன்றுமே செய்யாமல் இருப்பதா? மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், நாற்பதுக்குள் பக்கவாதம் வந்த குடும்பத்துக்காரர்கள்... இவர்களிடமிருந்தாவது ஆரம்பிக்கலாமே. ஒரு பக்கக் கட்டி என்றால் ஆபரேஷன். இல்லையென்றால் ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை. பெயர் தெரிந்துவிட்டதே என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிவிடாதீர்கள், பொட்டாசியம் எகிறிவிடும்!

டாக்டர் நாலாவது மாத்திரையை எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘‘ஏனுங்க டாக்டர், ஹார்மோனையும் ஒருவாட்டி பாத்துரலாங்களா?’’