மூன்று நிமிட நேர்முகமும் முப்பது நாள் ஒத்திகையும்

"அப்பா பெயர் என்ன? எந்த ஊர்?" ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் 1979-80ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு வந்த மாணவர்களை நேர்முகத்தில் கேட்டதெல்லாம் ஏறக்குறைய இவ்வளவுதான் என்று வழக்குத் தொடுத்தவர்கள் சொன்னார்கள். பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு 50 மதிப்பெண். மாணவர்கள் உட்கார்ந்து எழுதிய தேர்வுக்கு 100. அஜய் ஹாசியா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்ட அந்த வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்குத் தூக்கிக் கொடுப்பது நியாயமற்றது, 15 விழுக்காட்டைத் தாண்டினாலே தன்னிச்சையானது என்றது உச்ச நீதிமன்றம். பேசுவதை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்றும் யோசனை சொன்னது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்பதால் நடந்து முடிந்த சேர்க்கையில் கைவைக்கவில்லை. வழக்கில் வென்றது கொள்கை. இடம் கிடைத்தது வேறு யாருக்கோ.

தமிழ்நாடு இதே கூத்தை இன்னும் முன்னதாகவே பார்த்தது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான பெரியகருப்பன் வழக்கில் நேர்முகத்துக்கு 275க்கு 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்தது வெளிவந்தது. அங்கேயும் ஆளுக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதிகம் என்றது நீதிமன்றம். 1985இல் ஹரியானா தேர்வாணைய வழக்கில் அளவு இன்னும் இறங்கி, அரசுப் பணித் தேர்வுகளில் நேர்முகத்தின் பங்கு 12.2 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்ற இடத்துக்கு வந்தது.

நீதிமன்றம் இவ்வளவு சந்தேகத்தோடு பார்த்த ஒன்றை நாடு முழுக்க இளைஞர்கள் இன்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்', குடிமைப்பணி மையங்களில் 'மாக் இன்டர்வியூ', கைப்பேசியில் 'டாப் 50 கேள்விகள்'. இந்த ஒத்திகையால் யாருக்கு என்ன லாபம், எங்கே அது கெடுக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டிய காலம் இது.

ஒரு பயிற்சி வகுப்பின் முதல் மணி நேரம் எப்படிப் போகும் என்பது தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாருக்கும் தெரியும். மாணவர் எழுந்து, "மைசெல்ஃப்..." என்று தொடங்குவார். பயிற்றுநர் உடனே கையைத் தூக்கி நிறுத்துவார். அப்படிச் சொல்லக் கூடாது, 'ஐ ஆம்' என்று தொடங்கு. மாணவர் மறுபடி தொடங்குவார்: பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, அக்காவுக்குத் திருமணம் ஆகிவிட்டது, பொழுதுபோக்கு கிரிக்கெட், பலம் கடின உழைப்பு. ஸ்ரீநகரில் தேர்வுக் குழு கேட்டு வாங்கியதை இங்கே யாரும் கேட்காமலே நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். இந்தப் பத்து வரியை உடைப்பதற்கே நல்ல பயிற்றுநருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

இந்த வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தந்தையோ தாயோ அலுவலகம் போகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை, சம்பளம், மேலாளர், 'டெட்லைன்' என்ற பேச்சைச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுப் பழகியிருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தப் பேச்சு முதன்முதலாகக் காதில் விழுவதே தேர்வு அறையில்தான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வீட்டில் கற்றுக்கொண்டவரிடம், கண்ணைப் பார்க்காவிட்டால் தன்னம்பிக்கை இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறது அந்த அறை. இது அறிவில் உள்ள குறை இல்லை, பழக்கமின்மை. பழக்கமின்மைக்கு ஒத்திகைதான் மருந்து. நான்கு முறை தவறாகப் பேசி, ஐந்தாம் முறை குரல் நடுங்காமல் நிற்பவரைப் பார்த்தவர்கள், பயிற்சியே பம்மாத்து என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது நன்மை அதைவிடப் பெரியது. பயிற்சி ஒழுங்காக நடந்தால், ஒருவர் தன் பயோடேட்டாவையே முதன்முறையாக ஒழுங்காகப் படிக்கிறார். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மூத்த மாணவரிடமிருந்து வாங்கிய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றியவர்கள் ஏராளம். இறுதியாண்டு 'புராஜெக்ட்' கதை இன்னும் சுவாரசியம். அதைக் காசு கொடுத்து வாங்குவதற்கென்றே சென்னையில் 'புராஜெக்ட் சென்டர்'கள் உண்டு. தலைப்பு கம்பீரமாக இருக்கும், அறிக்கைக்குத் தங்க எழுத்து அட்டை இருக்கும். நேர்முகத்தில் முதல் கேள்வி, "இது என்ன செய்யும்?" அதற்கு மனப்பாடப் பதில் வந்துவிடும். இரண்டாவது கேள்வி, "ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? வேறு எதை முயன்று பார்த்தீர்கள்?" அங்கே கட்டடம் சரியும். சொந்தமாகச் செய்தவர், எளிய வேலையாக இருந்தாலும், எந்த இடத்தில் தடுக்கியது என்று சொல்லிவிடுவார். தடுக்கிய இடம்தான் சொந்த வேலைக்குச் சாட்சி. இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, கட்டணத்துக்கு மேலே தருகிறது.

கெடுதல் தொடங்குவது அடுத்த படியில். பயம் போன பிறகு பயிற்சி நின்றுவிடுவதில்லை; அது பதிலை விற்கத் தொடங்குகிறது. "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்கு, "நான் எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பேன், அதனால் நேரம் ஆகிவிடும்" என்ற பதில் எத்தனை ஆயிரம் பேர் வாயிலிருந்து வந்திருக்கும்! கேட்பவருக்கும் அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியும். சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு கட்டமாக அனுபவத்தைச் சொல்லும் முறை நல்ல முறைதான். பேச்சு அலையாமல் காக்கும். ஆனால் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நான்கு கட்டத்தில், ஒரே கல்லூரி விழாவை, தானே தலைமை தாங்கி நடத்தியதாகச் சொன்னால் அந்த விழாவுக்கு நாற்பது தலைவர்கள். தேர்வு செய்பவர் மனிதரைப் பார்க்க வந்து அச்சைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பயிற்சியின் இந்தக் குறைக்குப் பழி முழுவதும் பயிற்றுநர்கள்மேல் இல்லை. நேர்முகம் எதை அளக்கிறதோ அதைத்தான் பயிற்சி பளபளப்பாக்கும். அது என்னத்தை அளக்கிறது?

அமெரிக்காவில் தற்செயலாக நடந்த ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 1979இல் நேர்முகம் நடத்தி 150 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதன் பிறகு இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது மாநிலச் சட்டமன்றம். மிஞ்சியிருந்தவர்கள் வரிசையின் அடிமட்டத்தில் இருந்தவர்கள்; பெரும்பாலோரை வேறு எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு வழியின்றி அவர்களையே சேர்த்தார்கள். படிப்பிலும் பட்டம் பெற்ற பிறகான முதலாண்டுப் பயிற்சியிலும் இரு கூட்டத்தாருக்கும் சொல்லத்தக்க வேறுபாடே தெரியவில்லை. 1987இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நேர்முகக் குழு வேண்டாம் என்று ஒதுக்கியவர்களும் அதே தரத்து டாக்டர்களாகத்தான் வெளியே வந்தார்கள்.

2013இல் வெளியான இன்னோர் ஆய்வு கொஞ்சம் நகைச்சுவை கலந்தது. மாணவர்களை ஒருவரையொருவர் நேர்காணச் செய்து, எதிரே இருப்பவர் வாங்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்கச் சொன்னார்கள். பதில் சொல்பவர்களில் ஒரு பகுதியினர் உண்மையைச் சொல்லாமல், ஒரு ரகசிய விதிப்படி கண்டபடி பதில் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது பிடிபடவே இல்லை. எதிரே இருந்தவரைப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள். நேர்காணலே இல்லாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் கணிப்பு இன்னும் நன்றாக இருந்திருக்கும். "ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன்" என்று மீசையை முறுக்கும் மேலாளர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

இதனால் நேர்முகமே வீண் என்று ஆகிவிடாது. 2022இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். வேலைத்திறனோடு முழுப் பொருத்தம் இருந்தால் 1, பொருத்தமே இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டு, பதிலுக்கு முன்கூட்டியே மதிப்பெண் வரையறுத்த நேர்முகத்துக்கு 0.42. அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் அதுதான் முதலிடம். வாய்க்கு வந்ததைக் கேட்டு, மனசுக்குப் பட்டதைப் போடும் நேர்முகத்துக்கு 0.19. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், சரக்கு வேறு. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற புதிர்க் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை என்று கூகுள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் ஒப்புக்கொண்டார். கேட்பவருக்குத் தான் பெரிய ஆள் என்ற நினைப்பு வருவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்பது அவர் தீர்ப்பு.

நேர்முகத்தின் இந்தக் கோணலை சத்யஜித் ராய் 1970லேயே காட்டிவிட்டார். 'பிரதித்வந்தி' படத்தில் கடந்த பத்தாண்டின் மிக முக்கியமான நிகழ்வு எது என்று கேட்கிறது தேர்வுக் குழு. நிலவில் மனிதன் இறங்கியதைச் சொல்லாமல் வியட்நாம் போரைச் சொல்கிறான் நாயகன் சித்தார்த்தன். காரணத்தையும் தெளிவாக விளக்குகிறான். அடுத்த கேள்வி, நீ கம்யூனிஸ்டா? அவன் பதிலுக்கு மதிப்பெண் இல்லை. எந்தப் பயிற்சி மையத்துக்குப் போயிருந்தாலும் அவனுக்கு நிலவைச் சொல்லத்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். வேலையும் கிடைத்திருக்கலாம்.

குடிமைப்பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வைச் சுற்றி நடக்கும் ஒத்திகையில் பயிற்சியின் நன்மை, கெடுதல் என்ற இரண்டு முகமும் ஒன்றாகத் தெரியும். முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக 2025. பங்கு 13.6 விழுக்காடுதான், ஆனால் ஓரிரு மதிப்பெண்ணில் பணியே மாறிப்போகும் பட்டியலில் அது சின்ன எண் இல்லை. சென்னையில் சைதை துரைசாமியின் மனிதநேயம் மையமும் தமிழக அரசின் பயிற்சி மையமும் மாதிரி நேர்முகம் நடத்துகின்றன. விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும், பிறந்த மாவட்டம், படித்த பாடம், பொழுதுபோக்கு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பொழுதுபோக்கு தோட்டக்கலை என்று சும்மா எழுதிவைத்தவருக்கு அன்றைக்கே வியர்த்துவிடும். உண்மையான நேர்முகம் நடக்கும் டெல்லி தோல்பூர் இல்லத்தில் வியர்ப்பதைவிட இங்கே வியர்ப்பது நல்லது. ஆனால் ஐந்தாறு இடங்களில் மாறி மாறி ஒத்திகை பார்ப்பவர்களுக்கு வேறு சங்கடம். ஓரிடத்தில் "இன்னும் உறுதியாகப் பேசுங்கள்" என்பார்கள், அடுத்த இடத்தில் "இவ்வளவு உறுதி வேண்டாம்" என்பார்கள். கடைசியில் சொந்தக் கருத்து எது என்று அவருக்கே மறந்துவிடும். இரண்டு ஒத்திகை உதவும், ஆறாவது ஒத்திகை ஆளைக் கரைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கணிப்பு. தமிழில் முதன்மைத் தேர்வு எழுதியவர் தமிழிலேயே நேர்முகத்துக்கும் போகலாம் என்ற விதியை நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை; பயிற்சியின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடப்பது அதற்கு ஒரு காரணம்.

நேர்முகத்தையே கைவிடும் வழியும் உண்டு. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் 'சி', 'டி' பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் 'பி' பணிகளுக்கும் நேர்முகத்தை எடுத்துவிட்டது. தட்டச்சு தெரிந்தவரைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பார்த்தால் போதும், அவர் அப்பா பெயர் எதற்கு? சிபாரிசுக்கும் தரகர்களுக்கும் இருந்த ஒரு கதவு அதனால் மூடியது. மக்களோடு பேசியே தீர வேண்டிய பணிகளுக்கு இதே கத்தரிக்கோலை நீட்ட முடியாது. அங்கே வேண்டியது கேள்வித்தாளும் மதிப்பெண் தாளும் கையில் வைத்திருக்கும் தேர்வுக் குழு. கல்லூரிகள் மாணவர்களை ஒரு மாதம் வகுப்பில் உட்கார வைக்கின்றன. கேட்க வரும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களை ஒரு பிற்பகலாவது உட்கார வைத்தால் அந்த 0.19 கொஞ்சம் மேலே ஏறும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், அடுத்த வாரம் நேர்முகத்துக்குப் போகிறவர்கள், இன்றிரவு பயோடேட்டாவை எடுத்து, அந்தத் துறையே தெரியாத வீட்டு ஆள் ஒருவரிடம் வரிவரியாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா?" என்று அவர் கேட்கும் வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பதில் சொல்ல முடிந்த வரிகளை வைத்துக்கொள்ளுங்கள், முடியாதவற்றை அடித்துவிடுங்கள்.