பட்டாவில் இல்லாதவள்

குடும்ப வரலாறு எழுதுவோர் பழைய ‘அ’ பதிவேட்டை முன்னோரின் பட்டியலாக வாசிக்கிறார்கள். எனக்கு அது தீர்வைக் கணக்காகவே தெரிகிறது. சர்வே எண், நஞ்சை, புஞ்சை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர்: ரயத்துவாரி அரசு தேடியது வரி கட்டுபவரை, நாற்று நட்டவளை அல்ல. கூலிக்கு உழைத்த தலித் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. பட்டாதாரர் வீட்டுப் பெண்ணும் பெரும்பாலும் கணவன் இறந்த பிறகே, இன்னாரின் மனைவி என்று உள்ளே வருகிறாள். இந்து விதவைக்குப் பங்கு தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. முழு உரிமை 1956இல்தான் வந்தது. ஆகவே பாகப்பிரிவினை, ஜீவனாம்சப் பத்திரங்களையும் சேர்த்துப் படிப்போம். அவள் கைநாட்டு அங்கே இருக்கலாம். பட்டாவை மட்டும் நம்பி வரையும் வம்சாவளி, வரி வசூலித்தவர்கள் விட்ட பெயர்களை நாமும் விடுவதுதான்.